விழ முதல் ஒரு பார்வை

என் கணவர் விழுந்து பேர் வாங்கியவர். துறைமுகத்தில் அவருக்கு வேறு வேலை இருந்தது. வள்ளங்களுக்கும் மிதவைகளுக்கும் பெயின்ற் அடிக்கிற வேலை. ஆனால் திருகோணமலையில் அவரைப் பெயின்ற்காரர் என்று நினைத்தவர்கள் குறைவு. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, வாளிக்குள் கால் விட்டு, மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தடுமாறிப் போய் தொப்பென்று விழுகிற மனுசன் என்றுதான் ஊர் அவரை அறியும். கோயில் திருவிழாவோ, மாதா கோயில் பெருநாளோ, பள்ளிக்கூடக் கானிவலோ, மேடை போட்டால் அவரைக் கூப்பிட ஆள் வந்துவிடும்.

எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பு வந்ததில்லை. அதை இப்போது சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் மீன் வாங்கியதில்லை. கந்தளாய்த் தயிர் என்று கூவிக்கொண்டு வருகிறவன் என் வாசலில் நின்றால் முதலில் சட்டியைச் சரித்துக் காட்டவேண்டும். தயிர் அசைந்தால் அவன் நடையைக் கட்டவேண்டியதுதான். இப்படிப்பட்ட என்னைப் பெண் பார்க்க வந்தவர், எங்கள் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாகக் கதிரையோடு சரிந்து விழுந்தார். ஒரு சொட்டுத் தேத்தண்ணி சிந்தவில்லை. அதுவரை முகத்தை உம்மென்று வைத்திருந்த அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. குசினிக் கதவிடுக்கில் நின்று பார்த்த நான் அம்மாவின் காதில் சொன்னேன்:

“இந்த ஆள் வேணுமெண்டுதான் விழுந்தது.”

“வாயை மூடு. நல்ல மனுசன்.”

“கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?”

ஆள் கட்டைதான். ஆனால் காது கூர்மை. கலியாணம் முடிந்து அவர் என்னோடு கதைத்த முதல் கதையே அதுதான்.

“நான் வேணுமெண்டு விழுந்தது உமக்கு என்னெண்டு தெரியும்?”

“விழ முதல் நீங்கள் நிலத்தைப் பார்த்தனீங்கள்.”

அவருடைய முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை, பயந்த மாதிரி ஒரு முகம். அவ்வளவு காலம் விழுந்தும் அதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையாம்.

விழுகிறவன் விழ முதல் தான் விழப்போகிற இடத்தை ஒருதரம் பார்ப்பான். கல் கிடக்குதோ, ஆணி கிடக்குதோ என்று உடம்பு தானாகவே பார்க்கிற பார்வை அது. கண் மட்டும் போய்த் திரும்பும். சனத்துக்கு அது தெரிந்துவிட்டால் சிரிப்பு பாதியாகிவிடும், ஏனென்றால் தெரியாமல் விழுகிறவனைப் பார்த்துத்தான் சனம் சிரிக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குக் கள்ளப் பார்வை என்று பெயர் வைத்தோம். அதைப் பிடிப்பது என் வேலையாகிவிட்டது.

பின்வளவு முழுக்க மணல். துறைமுகத்தால் வந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஏணியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அங்கே போவார். நான் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். தையல்தான் என் தொழில். மடியில் யாருடையதாவது சட்டை கிடக்கும். அவர் இடுப்பில் கட்டுகிற இலவம்பஞ்சுப் பட்டியையும் நான்தான் தைத்துக் கொடுத்தேன். விழுவார், எழும்புவார், தலைமயிரில் மணலோடு என் பக்கம் திரும்பி, தான் நிலத்தைப் பார்த்ததுண்டோ என்று கேட்பார்:

“பார்த்தனானோ?”

“ஓம். பார்த்தனீங்கள்.”

“எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

திரும்பவும் ஏணியைத் தூக்குவார். என் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்தால்தான் அன்றைய பயிற்சி முடியும். அது இலேசில் வராது. வேலிக்கு அந்தப் பக்கம் பப்பாசித் தோல் தின்ன வருகிற, ஊருக்குள் திரிகிற மான்கள்கூட அவர் விழுகிற சத்தத்துக்குப் பழகிவிட்டன.

“ஊரே சிரிக்குது. உமக்கு மட்டும் என்ன வந்தது?” என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

“ஊர் உங்களைக் கட்டேல்லையே,” என்றேன்.

இப்படியே வருசங்கள் போயின. எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. கிடைக்காததைப் பற்றி நாங்கள் கதைப்பதும் இல்லை. தெருப்பிள்ளைகள் அவருக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு திரிவார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன். கள்ளப் பார்வை குறைந்து குறைந்து, கடைசியில் என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாத அளவுக்கு வந்தது. ஆனால் முற்றாகப் போகவில்லை. கண்ணுள்ள மனுசனுக்கு அது போகாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், பள்ளிக்கூடக் கானிவல் ஒன்றுக்குக் கொழும்பிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர் இவருடைய ஏணி விளையாட்டைப் பார்த்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி தொடங்கப் போகிறோம், நீங்கள்தான் நடத்தவேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டார். எனக்கு அந்த ஆளின் சிரிப்பே பிடிக்கவில்லை. ஆனால் என் மனுசன் அன்று தெருவாலே நடந்து வந்த நடையைப் பார்த்தபின் மறிக்க மனம் வரவில்லை. துறைமுகத்தில் லீவு கேட்டுக்கேட்டு, கிழமைக்கு ஒருதரம் ரெயில் ஏறிக் கொழும்புக்குப் போய் வரத் தொடங்கினார். பிள்ளைகளை வட்டமாக இருத்திவைத்து, பொம்மையோடு கதைத்து, கதை சொல்லி, இடையிடையே விழவேண்டும். அதுதான் வேலை.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. எங்கள் தெருவிலேயே இல்லை. கிண்ணியாவைச் சேர்ந்த முதலாளி ஒருவர் ரவுணில் வைத்திருந்த கடையில் ஒன்று இருந்தது. ஊர்ச் சனம் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லும். நான் போகவில்லை. மேடையில் ஆளை நேரே பார்த்தே நம்பாதவள், பெட்டிக்குள் பார்த்தா நம்பப் போகிறேன்?

பிறகுதான் எனக்கு நித்திரை குறையத் தொடங்கியது.

முதலில் பின்வளவுப் பயிற்சி நின்றது. “அங்கையே ஒத்திகை பார்க்கினம். இனி இஞ்சை தேவையில்லை,” என்றார். என் கதிரை குசினி வாசலில் சும்மா கிடந்தது. அடுத்தது சைக்கிள். முழங்கால் நோகுது என்று சொல்லி அதைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். மேடையில் தலைகீழாக விழுகிற மனுசனுக்குச் சைக்கிள் ஓட முழங்கால் நோகுதாம்! அதற்கு மேலே, கொழும்பிலிருந்து வரும்போது சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கும். ஒருதரம் இல்லை, பலதரம். தையல்காரி வீட்டில் பொத்தான் மாறிய சட்டையோடு வந்து நிற்கிற துணிவைப் பாருங்கள். எங்கேயோ கழற்றி, அவசரத்தில் போட்ட சட்டை அது என்று என் மனம் சொல்லியது.

எல்லாவற்றிலும் மோசம், அவர் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதை விட்டுவிட்டார். நான் ஏதும் கேட்டால் என் காதுப் பக்கமோ, தோளுக்கு மேலேயோ பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். குற்றம் செய்தவன் கண்ணைப் பார்க்கமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நாற்பதைத் தாண்டிய ஆம்பிளைக்குப் பிள்ளை ஆசை வந்தால் எங்கே போவான் என்பதையும் நினைத்தேன். அதை நினைக்கிற நேரம் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா கொழும்புக்கு மகளைப் பார்க்கப் போய்விட்டு வந்து, வேலியோடு நின்று கதையை இழுத்தாள்.

“தங்கச்சி, உன்ரை மனுசனைக் கோட்டை ஸ்ரேசனிலை கண்டனான்.”

“ஓம், அந்த ரெயிலிலைதான் வாறவர்.”

“கூட ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்தது. சின்ன வயசு. கையைப் பிடிச்சுக்கொண்டு வந்து ரெயில் பெட்டியிலை ஏத்திவிட்டிட்டுப் போகுது.”

“கூட வேலை செய்யிற பிள்ளையாய் இருக்கும்.”

“இருக்கும், இருக்கும். நான் பிழையாய் ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. ஆனால் நல்லா இறுக்கிப் பிடிச்சிருந்தது.”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. உள்ளே வந்து அலுமாரியைத் திறந்து, அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தேன். பவுடர் மணம்தான் வந்தது. முகத்துக்குப் பூசுகிற பவுடர் என்று அவர் சொல்லியிருந்தார். யாருடைய முகத்துக்கு என்று நான் கேட்டிருக்கவில்லை. நான் அழவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளையை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டும், பெட்டிக்குள் என்றாலும் பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். அடுத்த நிகழ்ச்சி அன்று நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு முதலாளியின் கடைக்குப் போனேன்.

“வாங்க புள்ள, இப்பதான் வழி தெரிஞ்சிதா?” என்று முதலாளி எனக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டார். பின்னால் கடை நிறையச் சனம். அரைவாசி பிள்ளைகள். முதலாளியின் மைத்துனர் கூரையில் ஏறி நின்று அன்ரெனாவைத் திருப்பிக்கொண்டு “சரியா? இப்ப சரியா?” என்று கத்தினார். பெட்டிக்குள் மழை பெய்கிற மாதிரிப் புள்ளிகள். அந்த மழைக்குள்ளிருந்து என் மனுசன் வந்தார்.

முகத்தில் வெள்ளை பூசி, தொப்பி போட்டு, ஏணியோடு வந்தார். பக்கத்தில் ஒரு மெலிந்த பெட்டை பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றது. அதுதான் ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தேன். ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தது இன்னும் எரிச்சலாக வந்தது.

அவர் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டே பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்தார். பின்னால் தண்ணீர்த் தொட்டி. இந்த விளையாட்டு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்வளவில் எத்தனை மழைக்காலம் இதைப் பார்த்திருக்கிறேன்! இப்போது பார்ப்பார், இந்த அடியில் பார்ப்பார் என்று பெட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

பார்க்கவில்லை. கண் அசையவில்லை. அப்படியே போய்த் தொட்டிக்குள் விழுந்தார்.

கடை அதிர்ந்தது. பிள்ளைகள் நிலத்தில் உருண்டார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருசம் நான் கேட்டது இதைத்தானே. மனுசன் சாதித்துவிட்டாரே என்று இருந்தது.

பிறகு அவர் எழும்பினார். கழன்று விழுந்த தொப்பியை ஒரு சின்னப் பிள்ளை எடுத்து நீட்டியது. அவர் கை தொப்பிக்குப் பக்கத்தால் போய் வெறுங்காற்றைப் பிடித்தது. திரும்பவும் போய் வெறுங்காற்றைப் பிடித்தது. சனம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இது விளையாட்டில் இல்லாதது. அவருடைய விளையாட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம். தொப்பி பிடிபடாமல் போகிற இடம் அதில் கிடையாது. பொம்மைக்காரப் பெட்டை மெல்லக் கிட்ட வந்து, தொப்பியை அவர் கைக்குள் வைத்தாள். மற்றக் கையால் அவருடைய முழங்கையைப் பிடித்து, பிள்ளைகள் இருந்த பக்கம் திருப்பிவிட்டாள்.

அந்தக் கை அவரைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன். அப்படி ஒருத்தி ஆசைநாயகனைப் பிடிக்கமாட்டாள். கண் தெரியாத ஆளைத்தான் அப்படிப் பிடிப்பார்கள்.

பொத்தான், சைக்கிள், பின்வளவு, என் காதைப் பார்த்துச் சொன்ன பதில்கள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. அவர் கள்ளப் பார்வையை வெல்லவில்லை. பார்க்கிறதற்கு அவரிடம் பார்வை இல்லை. முதலாளி “சோடா குடிங்க புள்ள” என்றது காதில் விழுந்தது. குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. கடற்கரைத் தெருவால் நடந்து வரும்போது, கடவுளே, ஒரு பொம்பிளையாகவே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். பொம்பிளை என்றால் சண்டை பிடிக்க எனக்குத் தெரியும்.

ஆனாலும் என் புத்தி பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் அதையும் சந்தேகப்பட்டேன். பெட்டிக்குள் பார்த்ததுதானே, புள்ளிகளுக்குள் எதைக் கண்டேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை ரெயிலால் வந்தார். நான் கிணற்றடியில் நின்றேன், சத்தம் காட்டவில்லை. பின்படலையைத் தடவித் திறந்து உள்ளே வந்தவர் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சேலைக்கு முன்னால் போய் நின்றார்.

“இஞ்சாரும், தேத்தண்ணி வைச்சிட்டீரோ?” என்று சேலையிடம் கேட்டார்.

“இஞ்சை நிக்கிறன்,” என்றேன்.

குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு தொப்பியைக் கழற்றிச் சேலைக்கு ஒரு கும்பிடு போட்டார், பகிடி மாதிரி. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நான் அவருடைய கையைப் பிடித்தேன். கூட்டிக்கொண்டு வந்து குசினி வாசல் கதிரையில் இருத்தினேன். நான் கடைக்குப் போனதை ஸ்ரேசனில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

“நேற்றுக் கடையிலை போய்ப் பார்த்தனீராம்?”

“ஓம்.”

தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு பழைய கேள்வியைக் கேட்டார்.

“பார்த்தனானோ?”

இல்லை என்று சொல்லவேண்டும். உண்மை அதுதான். இத்தனை வருசமாக அவர் என் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட சொல்லும் அதுதான். அதைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்வதாக ஆகிவிடும். வாய் வரவில்லை.

“ஓம். பார்த்தனீங்கள்,” என்றேன்.

“எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

அவர் தலையைக் குனிந்தார். கோப்பைக்குள் தேத்தண்ணி ஆடியது.

“ஓம்,” என்றார். “வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் தெரியுது.”

அப்போதுதான் அழுதேன். அவரும் அழுதார். இடது கண் முழுக்க இருட்டாம். வலது கண்ணில் ஒரு ஓரத்தில் மட்டும் வெளிச்சம். டொக்டர் இனித் திரும்பி வராது என்று சொல்லிவிட்டாராம். துறைமுகத்திலும் தூரிகையை விட்டுவிட்டு, பழைய பெயின்ற் சுரண்டுவது மட்டும்தானாம். பொம்மைக்காரப் பிள்ளையின் தகப்பனுக்கும் இப்படித்தானாம். அதனால் அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள், வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. கோட்டை ஸ்ரேசன் சனத்துக்குள் ரெயில் பெட்டிவரை கொண்டுவந்து விடுகிறவளும் அவள்தான். அவளைப் பற்றி நான் மனத்துக்குள் சொன்ன சொல்லுகளை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

“என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீர் விழ விடமாட்டீர்.”

“விட்டிட்டு வீட்டிலை இருங்கோவன்.”

“இருக்கலாம். ஆனால் கண் தெரியாதவன் விழுந்தால் ஒருத்தரும் சிரிக்கமாட்டினம், தெரியுமோ? பாவம் எண்டுவினம். அந்தப் பிள்ளையளும் பாவம் எண்டுங்கள். அதை என்னாலை கேக்க ஏலாது.”

அவருக்கு அந்தப் பிள்ளைகளின் சிரிப்பு என்னவென்று எனக்குத் தெரியாதா? வீட்டில் இல்லாத சிரிப்பைத் தேடித்தானே அவ்வளவு தூரம் ரெயில் ஏறிப் போனார்.

ஆனால் நான் கண்டுபிடித்ததை இன்னொருவர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் செல்லும்? கண்ணுள்ளவன் பார்க்காமல் விழுந்தால் கெட்டித்தனம் என்பார்கள். ஒவ்வொருதரமும் பார்க்காமல் விழுந்தால், ஒருநாளைக்கு ஏன் என்று யோசிப்பார்கள். தொட்டியை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டாலோ, மண்டை உடையும். ஆகையால் அன்று பின்னேரமே ஏணியையும் வாளியையும் பின்வளவுக்கு எடுத்து வரச் சொன்னேன். நான் கதிரையில் இருந்து கத்தரிக்கோலால் கதிரைச் சட்டத்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ தட்டுவேன். தட்டுகிற பக்கம் அவர் கண் போய்த் திரும்பவேண்டும். அந்தப் பக்கம்தான் விழலாம், இடம் வெறுமை என்று அர்த்தம். தட்டாவிட்டால் விழக்கூடாது. அவ்வளவு காலமும் கஷ்டப்பட்டுக் களைந்த கள்ளத்தை, ஒரு கிழமை முழுவதும் இருந்து அவருக்குத் திரும்பப் பழக்கினேன்.

“பார்த்தனானோ?” என்பார்.

“இல்லை. வடிவாய்ப் பாருங்கோ,” என்பேன்.

அதற்குப் பிறகு ரெயிலில் இரண்டு பேராகப் போனோம். உடுப்புத் தைக்கிற ஆள் என்று சொல்லி உள்ளே போய், கமராவுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூலில், மடியில் துணியும் கையில் கத்தரிக்கோலுமாக இருப்பேன். பொம்மைக்காரப் பிள்ளை என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். நான் தட்டுவேன், அவர் பார்ப்பார், விழுவார். பிள்ளைகள் வயிறு நோகச் சிரிப்பார்கள். ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. நிகழ்ச்சி பிறகு நின்றது வேறு காரணத்தால். அவருடைய கண்ணால் இல்லை.

அந்தக் கண்ணாடிக்கார மனுசர், கானிவலில் இவரைக் கண்டு கூட்டிப் போனவர், ஒருநாள் படப்பிடிப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிடிபட்டுவிட்டோம் என்றே நினைத்தேன்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ,” என்றார். “முந்தி இவர் விழுந்தால் உண்மையாய் விழுந்த மாதிரியே இருக்கும். நீங்கள் வரத் தொடங்கினாப்பிறகு, விழ முதல் ஒருக்காப் பக்கத்தைப் பார்க்கிறார். அது ஒண்டுதான் பிழை. நீங்கள் சொன்னால் கேப்பார். கொஞ்சம் சொல்லித் திருத்திவிடுங்கோ.”

“ஓம், சொல்லுறன்,” என்றேன்.

சொல்லவில்லை.